பாசிக்கோட்டின் வயது

அமெரிக்காவின் தென்பிளாரிடாக் கரையிலிருந்து விடியற்காலையில் கிழக்கு நோக்கிப் புறப்படும் தூண்டில் படகுகளில் பல 6 முதல் 8 மீட்டர் நீளமே உள்ளவை. பின்புறம் ஒன்றோ இரண்டோ அவுட்போர்டு எஞ்சின், நாலைந்து தூண்டில் கம்பிகள், ஒரு பெட்டி நிறைய ஐஸ் என்று அவற்றின் சாமான்கள் அவ்வளவுதான். அவை தேடிப்போகும் ஆழ்கடலில் பார் கிடையாது, கல் கிடையாது. அடித்தரை நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இருக்கிறது. நான்கு திசையிலும் ஒரே நீலம். அந்த நீலத்தில் கண்ணுக்குப் பிடிபடும் ஒரே அடையாளம், நீர்மேல் நீண்டு கிடக்கும் பொன்பழுப்பு நிறக் கடற்பாசிக் கோடு. அதன் ஓரமாகவே இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு படகை ஓட்டுவார்கள். மாஹி மாஹி என்கிற பச்சைப்பொன் நிற மீன் வந்து கவ்வும். பாசியைக் கண்டால் மீனைக் கண்டதுபோல என்பது அங்கே முதல் பாடம். ஆனால் இந்தப் பாடம் அடிக்கடி பொய்க்கிறது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் தடித்த கோட்டில் ஒரு மீன்கூடத் தட்டுப்படாத நாளும் உண்டு. அறுந்து அறுந்து கிடக்கும் மெல்லிய கோட்டில் பெட்டி நிறைந்துவிடும் நாளும் உண்டு. இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் எழுதப்படுவதில் பெரும்பங்கை ஒரே ஒரு கேள்வியால் விளக்கிவிடலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கோட்டில் எவ்வளவு பாசி இருக்கிறது என்பதைவிட, அந்தக் கோடு எவ்வளவு காலமாக இருக்கிறது, எவ்வளவு கடலிலிருந்து சேர்த்திருக்கிறது என்பதே அங்கே மீன் நிற்குமா நிற்காதா என்பதைப் பெரிதும் முடிவுசெய்கிறது.

முதலில் பாசியைப் பற்றி. சர்காசம் என்ற பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பாறையைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மன்னார் வளைகுடாவில் ஆல்ஜினேட் எடுப்பதற்காகச் சேகரிக்கப்படும் சர்காசமும் அந்த வகைதான். அட்லாண்டிக் கடலில் மிதக்கும் சர்காசம் நாட்டன்ஸ், சர்காசம் ஃபுளூயிட்டன்ஸ் என்ற இரண்டு இனங்களோ வேறு மாதிரி. அவை பிறந்ததுமுதல் அழியும்வரை தரையைத் தொடுவதே இல்லை. பட்டாணி அளவுள்ள காற்றுப்பைகள் அவற்றை மேலே தாங்கி நிறுத்துகின்றன. விதையும் இல்லை, வித்துமில்லை. கொப்பு ஒடிந்தால் ஒடிந்த துண்டு தனிச்செடியாக வளர்கிறது. 1492-ல் கொலம்பஸின் கப்பல்கள் இந்தப் பாசி மிதக்கும் கடலைக் கடந்துதான் போயின. இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் செடிக்கு நீந்தத் தெரியாது என்பது. பக்கத்துச் செடியை நாடிப் போகவோ, வரிசையில் நிற்கவோ அதனால் முடியாது. தானாக விட்டால் அது திட்டுத்திட்டாகச் சிதறித்தான் கிடக்கும். எனவே கடலில் எங்கே பாசி கோடாகத் தெரிகிறதோ, அங்கே கோடு போட்டது நீர். பாசி அந்த நீரின் நடமாட்டத்தை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் சாயம் மாத்திரமே.

அந்த நடமாட்டத்தை முதலில் சரியாகப் படித்தவர் ஒரு வேதியியலாளர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரும் பின்னால் 1932-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவருமான இர்விங் லாங்மியூர், 1927 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். நடுக்கடலில் சர்காசம் பாசி 100 முதல் 200 மீட்டர் இடைவெளியில் இணைகோடுகளாக அணிவகுத்துக் கிடப்பதைப் பார்த்தார். கோடுகள் காற்றின் திசையிலேயே நீண்டிருந்தன. திடீரென்று காற்று செங்குத்தாகத் திசைமாறியது. 20 நிமிடத்துக்குள் எல்லாக் கோடுகளும் கலைந்து புதிய திசைக்கேற்ப மறுபடி அணிவகுத்துவிட்டன. ஊர் திரும்பியதும் நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் சாயமும் மிதவைகளும் கொண்டு பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 1938-ல் முடிவை வெளியிட்டார். காற்று அடிக்கும்போது மேல்நீர் வெறுமனே முன்னால் தள்ளப்படுவதில்லை. காற்றின் திசையில் படுத்துக்கிடக்கும் நீண்ட உருளைகளாகச் சுழல்கிறது. அடுத்தடுத்த உருளைகள் எதிரெதிராகச் சுழல்வதால், ஓர் இடத்தில் நீர் இருபுறமிருந்தும் வந்து கூடிக் கீழே இறங்குகிறது; அடுத்த இடத்தில் கீழிருந்து மேலே வந்து இருபுறமும் விரிகிறது. கூடி இறங்கும் இடத்துக்கு மிதக்கும் பொருளெல்லாம் இழுபட்டு வரும். நீர் இறங்கும், மிதப்பது இறங்க முடியாமல் அங்கேயே தங்கும். காற்றும் அலையும் சேர்ந்து இந்த உருளைகளை எப்படி உண்டாக்குகின்றன என்பதற்கான கணக்கை 1970-களில் கிரெய்க், லீபோவிச் என்ற இருவர் வகுத்தார்கள். நொடிக்கு 3 மீட்டர் அளவுக்குக் காற்று வீசினாலே போதும், உருளைகள் தோன்றிவிடும்.

லாங்மியூர் பார்த்த அந்த 20 நிமிடத்தில் மீனவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. இடைவெளி 100 மீட்டர் என்றால் ஒரு கோடு தனக்கு இருபுறமும் 50 மீட்டர் அகலத்திலிருந்துதான் பாசியை இழுக்க முடியும்; அதற்கு அப்பால் உள்ளது அடுத்த கோட்டின் பங்கு. கூடும் நீர் நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டரைக் கடக்க 1,000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம். அவர் கண்ட நேரத்தோடு இது ஒத்துப்போகிறது. கோடு பிறந்து கால்மணி நேரத்தில் தன் எல்லைக்குள் இருந்ததையெல்லாம் சேர்த்து முடித்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நேரம் நின்றாலும் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. காற்று திரும்பினால் அந்தக் கோடும் போயிற்று. இத்தகைய கோட்டை இங்கே காற்றுக்கோடு என்று அழைப்போம். பார்வைக்கு அது தடிமனாகவும் நேராகவும் அழகாகவும் இருக்கக்கூடும். ஆனால் அதில் இருப்பது பக்கத்து 50 மீட்டரில் சிதறிக் கிடந்த அதே பாசியும், அந்தப் பாசியோடு ஏற்கெனவே இருந்த அதே சில்லறை உயிர்களும்தான். கடல் அங்கே வளமாகிவிடவில்லை. இருந்தது ஓரமாக ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு வகைக் கோடு இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து புறப்பட்டு, பிளாரிடாவுக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கும் இடையிலுள்ள நீரிணை வழியாக ஒரு மாபெரும் நீரோட்டம் வடக்கே பாய்கிறது. நொடிக்கு 3 கோடி கன மீட்டருக்கு மேல் நீரைச் சுமக்கும் இந்த ஓட்டம்தான் மேலே போகப்போக வளைகுடா நீரோட்டம் என்று பெயர் பெறுகிறது. நீரிணையில் அதன் மேற்பரப்பு நொடிக்கு 1.5 முதல் 2 மீட்டர் வேகத்தில் ஓடும். அதன் மேற்கு விளிம்பு பாம் பீச் அருகே கரைக்கு மிக நெருக்கமாக வந்துவிடுவதால்தான் சிறு படகுகளுக்கும் ஆழ்கடல் மீன் எட்டுகிறது. அந்த விளிம்பில் இரண்டு வகை நீர் முட்டுகின்றன. ஒருபுறம் வெப்பமான, சத்துக் குறைந்த, தெளிந்த நீலநீர்; மறுபுறம் நுண்பாசி மிகுந்த பச்சையான கரைநீர். வெப்பமும் உப்பும் மாறுபடுவதால் இரண்டின் அடர்த்தியும் வேறு. அடர்ந்த நீர் இலேசான நீருக்குக் கீழே புகுந்து இறங்க, அந்த எல்லையை நோக்கி மேல்நீர் கூடி வருகிறது. அங்கே உருவாவதை எல்லைக்கோடு எனலாம். இதற்குப் பக்கத்துக் கோடு என்று ஒன்று இல்லை; பங்கு கேட்பவர் யாரும் இல்லை. அதே 5 செ.மீ. வேகத்தில் நீர் மூன்று நாள் கூடினால், இருபுறமும் ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவிலிருந்து மிதப்பவை வந்து சேர இடமிருக்கிறது. உண்மையில் கூடும் வேகம் எல்லையிலிருந்து விலக விலகக் குறையும், சுழிகள் இடையில் கலைக்கும். ஆகவே 13 கி.மீ. என்பதை உச்சவரம்பாகவே கொள்ள வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குதான் நடந்தது என்று கழித்துக்கொண்டாலும் 1,300 மீட்டர். காற்றுக்கோட்டின் 50 மீட்டரோடு ஒப்பிட்டால் 26 மடங்கு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கோடுகளுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு ஒளிந்திருக்கிறது.

எல்லைக்கோடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. நீரோட்டத்தோடு சேர்ந்தே அது வடக்கே போகிறது, நொடிக்கு 1.5 மீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 130 கி.மீ. பாம் பீச் எதிரே காலையில் காணும் கோடு, அதற்கு முந்தைய நாள் பிளாரிடா கீஸ் தீவுகளின் பக்கத்திலேயே சேரத் தொடங்கியதாக இருக்கலாம். போகிற வழியெல்லாம் அது சேர்த்துக்கொண்டே போகிறது. சேர்வது பாசி மட்டும் என்றால் மீனுக்கு அதில் பெரிய காரியம் இல்லை. ஆனால் கீழிறங்கும் நீரை எதிர்த்து மேல்மட்டத்திலேயே தங்க முயலும் எல்லா உயிரும் அங்கே அகப்படுகிறது. மீன் குஞ்சுகள், நண்டுக் குஞ்சுகள், இறால் வகைகள், ஒளியை நாடி மேலேறும் மிதவையுயிர்கள் என்று பட்டியல் நீளும். சர்காசத்தோடு தொடர்புடையவையாக நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களையும் அதைவிட அதிகமான முதுகெலும்பற்ற இனங்களையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பாசியின் நிறத்தையும் கிழிசலையும் அப்படியே உடம்பில் வரைந்துகொண்டு, கைபோன்ற துடுப்பால் கொப்பைப் பற்றி நிற்கும் சர்காசம் மீன் அவற்றில் ஒன்று. முட்டையிலிருந்து வெளிவந்து கடலில் இறங்கும் ஆமைக்குஞ்சுகள் சில ஆண்டுகள் எங்கே போகின்றன என்ற நெடுநாள் புதிருக்கு, இப்படி நீர் கூடும் கோடுகளையே விடையாக 1980-களில் முன்வைத்தார் பிளாரிடா பல்கலைக்கழகத்தின் ஆர்ச்சி கார். பின்னால் வந்த ஆய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. பெருந்தலை ஆமைகளின் வாழ்வுக்கு இன்றியமையாத இடமாக அட்லாண்டிக்கின் சர்காசம் பரப்பை 2014-ல் அமெரிக்க அரசு அறிவித்தது.

இந்தக் குடியேற்றத்துக்கு நேரம் வேண்டும் என்பதில்தான் வயதின் முக்கியத்துவம் இருக்கிறது. மாஹி மாஹி கணக்கற்ற பசியுள்ள மீன். நான்கைந்து மாதத்தில் முட்டையிடும் பருவத்தை எட்டி, ஓராண்டுக்குள் ஒரு மீட்டர் நீளத்தைத் தொடக்கூடியது. நான்கு ஆண்டுக்கு மேல் அபூர்வமாகவே வாழும். அவ்வளவு அவசரமாக வளரும் உடம்புக்கு இடைவிடாமல் தீனி வேண்டும். பாசிக்கோட்டில் பிடிபட்ட மீன்களின் இரைப்பையை அறுத்துப் பார்த்தவர்கள் பாசியில் ஒளிந்து வாழும் சிறு கிளாத்தி வகைகளையும், நண்டுகளையும், அவற்றோடு கோலா எனும் பறக்கும் மீன்களையும் கண்டிருக்கிறார்கள். நடுவே பாசித் துணுக்குகளும் கிடக்கும்; இரையைக் கவ்வும் வேகத்தில் உள்ளே போனவை. ஆக வேட்டைமீன் அங்கே வருவது பாசிக்காக அன்று, பாசியில் சேர்ந்த இரைக்காக. கால்மணி நேரக் கோட்டில் இரை அடர்ந்திருக்க வழியில்லை. இரண்டு மூன்று நாள் கூடிய கோட்டில் சிறு உயிரைத் தின்னும் குஞ்சுமீனும், அதைத் தின்னும் இடைத்தர மீனும், அதையும் தின்னும் பெரிய மீனும் அடுக்கடுக்காக நிற்க முடிகிறது.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கோடு பிறந்த நேரம் எங்கும் எழுதியிருப்பதில்லை. ஆனால் தடயங்கள் உண்டு. சீரான இடைவெளியில் பல கோடுகள், எல்லாம் காற்றின் திசையில், ஏறக்குறைய நேராக நீண்டிருந்தால் அவை காற்றுக்கோடுகள். காற்றை மதிக்காமல், வளைந்து நெளிந்து, தனியாக ஒரே கோடு ஓடினால் எல்லைக்கோடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் இருபுறமும் நீரின் நிறம் மாறினால் ஐயம் பெரும்பாலும் தீரும். வெப்பமானி குளிர்காலத்தில் நல்ல சாட்சி. கோடையில் இரண்டு நீரும் மேலே ஒரே சூட்டில் இருப்பதால் அது உதவாது, நிறமே சாட்சி. அடுத்து, பாசியோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மரக்கட்டை, தேங்காய், நுரை, பறவை இறகு, பிளாஸ்டிக் புட்டி என்று பல இடத்துச் சரக்கு ஒன்றுகூடியிருந்தால் கோடு அகலமான கடலிலிருந்து சேர்த்திருக்கிறது என்று பொருள். பாசியைக் கையில் எடுத்து உதறினால் நண்டும் இறாலும் உதிர்கிறதா என்பதும் ஒரு சோதனை. மேலே ஆலாக்கள் தாழ்ந்து பறந்து மூக்கால் கொத்துகின்றனவா என்பது இன்னொன்று. இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. எல்லைக்கோட்டின் மேலேயே காற்று தன் கோடுகளைக் குறுக்காக எழுதி, சேர்ந்ததைச் சிதறடிப்பதும் உண்டு. மூன்று நான்கு தடயங்கள் ஒரே பக்கம் சாயும்போதுதான் முடிவுக்கு வரலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, மிதக்கும் பொருள் எதுவாயினும் மீன் வரும் என்பது. கடலில் ஒற்றைப் பலகை மிதந்தால்கூட அதன் நிழலில் மாஹி மாஹி நிற்கும். பிலிப்பைன்ஸ் மீனவர்கள் மூங்கில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்திச் சூரை பிடிக்கிறார்கள். நம் சோழமண்டலக் கரையிலேயே இதற்கு அருமையான சான்று உண்டு. கோலா பருவத்தில் மீனவர்கள் இலைதழைகளைக் கட்டிக் கயிற்றில் மிதக்கவிடுவார்கள், முட்டை ஒட்டவைக்க இடம் தேடும் கோலா அந்தத் தழையில் வந்து மொய்க்கும், அப்படியே அள்ளிக்கொள்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களில் இந்தத் தொழிலை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அன்றைக்கே போட்ட தழைக்கு வயதேது? நாள்கணக்கில் கூடிய நீரேது? நியாயமான கேள்விதான். ஆனால் கோலா அந்தத் தழைக்காகப் பிறக்கவில்லை. பருவத்தில், அந்தக் கடலில், வயிற்றில் முட்டையோடு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த மாதம், எவ்வளவு தூரம் போய்த் தழையை இறக்குவது என்று தலைமுறைகளாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். தழை கடைசிப் படி. மேலும் அந்த மீன் தழைக்கு வருவது முட்டையிட, தின்ன அல்ல. பலகையடி மீனுக்கும் இது பொருந்தும். மிதவை, அந்த வழியாகப் போகிற மீனை நிறுத்துகிறது. போகிற மீன் எவ்வளவு என்பதை நீர் முடிவுசெய்கிறது.

மிதக்கும் பொருளை மீன் ஏன் நாடுகிறது என்பதற்கு அறிவியலில் இன்றும் பல கருதுகோள்கள் போட்டியிடுகின்றன. பிரிந்துபோன மீன்கள் மறுபடி கூட்டம் சேர்வதற்கான சந்திப்பிடம் அது என்றார்கள் ஃபிரெயோன், டகோர்ன் என்ற இருவர், 2000-ல். இன்னொரு கருதுகோள் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆற்று முகத்துவாரங்களிலிருந்து அடித்துவரப்படும் கட்டைகள் வளமான நீரிலும் நீர் கூடும் எல்லைகளிலும்தான் போய்ச் சேரும். எனவே கட்டை மிதக்கும் இடத்தில் இரை இருக்கும் என்பது மீனின் இயல்பிலேயே பரிணாமத்தால் பதிந்திருக்கலாம். இது சரியென்றால் மீனும் மீனவரும் ஒரே அடையாளத்தைத்தான் படிக்கிறார்கள். அந்த அடையாளம் பொய்க்கவும் கூடும். இந்தியப் பெருங்கடலிலும் பிற கடல்களிலும் சூரைக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் மிதக்கவிடும் செயற்கை மிதவைகள் மீனை வளமற்ற நீருக்கு அழைத்துப்போகும் பொறியாகிவிடுமோ என்ற அச்சத்தை ஆய்வாளர்கள் 2000 முதல் எழுப்பிவருகிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படையே, மிதவை வேறு வளம் வேறு என்ற உண்மைதான்.

இரண்டாவது எதிர்வாதம் அளவைப் பற்றியது. பாசி அதிகமானால் ஒளிவிடமும் அதிகம், ஆகவே மீனும் அதிகமாக வேண்டுமே? இதைச் சோதித்துப் பார்க்கும் வேலையைக் கடலே செய்துவிட்டது. 2011 முதல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையில் சர்காசம் முன்னெப்போதும் இல்லாத அளவில் பெருகத் தொடங்கியது. 2018 ஜூனில் அந்தப் பட்டையின் நீளம் 8,850 கி.மீ., எடை 2 கோடி டன்னுக்கு மேல் என்று தென்பிளாரிடா பல்கலைக்கழகத்தார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்து, 2019-ல் வெளியிட்டார்கள். பின்னால் அந்தச் சாதனையும் முறியடிக்கப்பட்டது. பாசியே காரணம் என்றால் கரீபியன் மீனவர்களுக்கு அது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். பார்படோஸ் தீவில் நடந்தது வேறு. பாசி வெள்ளம் வந்த ஆண்டுகளில் அந்நாட்டின் அடையாளமான கோலா மீன் பிடிப்பு சரிந்தது. மாஹி மாஹி சிறுத்த குஞ்சாகவே அதிகம் கிடைத்தது. வலையும் எஞ்சினும் பாசியில் சிக்கின. கரை ஒதுங்கிய பாசி அழுகி ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தைப் பரப்பியது. சில வகைப் பாரைக் குஞ்சுகள் மட்டும் பாசியடியில் மிகுதியாகக் கிடைத்தன. ஒளிவிடம் குஞ்சுக்கு உதவுகிறது என்பதை இது மறுக்கவில்லை. பாசி எங்கும் பரந்துவிட்டால் குஞ்சும் எங்கும் பரந்துவிடும். ஓரிடத்தில் செறியக் காரணம் இருக்காது. தூண்டில்காரருக்கு வேண்டியது பாசியின் பெருக்கம் இல்லை, அதன் செறிவு. செறிவைத் தருவது கூடும் நீர்.

மூன்றாவதாக, இவ்வளவையும் விண்ணிலிருந்தே பார்த்துவிடலாமே, கடலில் நின்று நிறம் பார்ப்பதும் இறகு எண்ணுவதும் எதற்கு என்று கேட்கலாம். சர்காசம் அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பியனுப்புவதால் செயற்கைக்கோளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்படும் கருவியின் படத்தில் ஒரு புள்ளி என்பது கடலில் கால் கி.மீ. முதல் 1 கி.மீ. வரையிலான சதுரம். அந்தச் சதுரத்தில் பாசி இருக்கிறது என்று சொல்லலாம். ஒரே கோடாக இருக்கிறதா, நூறு துண்டாகவா என்று சொல்ல முடியாது. மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. நேற்றுக் காலைப் படத்தில் கண்ட கோடு இன்றைக்கு 130 கி.மீ. வடக்கே போயிருக்கும். செயற்கைக்கோள் உண்மையில் உதவுவது வேறு இடத்தில்: நீலநீரும் பச்சைநீரும் முட்டும் எல்லையைக் காட்டுவதில். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் நம் மீனவர்களுக்கு அன்றாடம் தரும் மீன்வள மண்டல அறிவிப்பு அப்படித்தான் தயாராகிறது. கடல்மேற்பரப்பின் வெப்பமும் பச்சையமும் எங்கே சட்டென்று மாறுகின்றன என்று பார்த்து, இந்தத் துறையிலிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரம் என்று சொல்கிறார்கள். அதில் பாசி என்ற பேச்சே இல்லை, தேடப்படுவது நீரெல்லை. இருந்தும் அந்த அறிவிப்பு படகை அக்கம்பக்கத்துக்கு அழைத்துப்போகுமே தவிர, கோட்டின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தாது. கடைசிச் சில கி.மீ. தூரத்துக்கு மீனவரின் கண்ணுக்கு மாற்று இல்லை.  

கோட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்து, மூன்று மாதத்துக்கு எண்ணெய் கொட்டியது. மேலே மிதந்த எண்ணெய் எங்கே போய்ச் சேர்ந்தது? பாசியும் ஆமைக்குஞ்சும் சேர்கிற அதே கோடுகளில். எண்ணெயைக் கூட்டி எரிக்கப் போனவர்களும், எண்ணெயில் நனைந்த ஆமைகளை மீட்கப் போனவர்களும் தேடிப்போன இடம் ஒன்றே. பிளாரிடாக் கடலில் பாசிக்கோடுகளிலிருந்து பிடித்துச் சோதித்த இளம் ஆமைகளின் குடலில் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்ததும் இதே காரணத்தால்தான். சேர்க்கும் வேலையை நீர் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எண்ணெய்க்குப் பாசியின்மேல் எந்த நாட்டமும் கிடையாது.

இதிலிருந்து கிளைக்கும் முடிவு மீனவருக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் தவிர்க்க முடியாதது. கோடு மீனை உண்டாக்குவதைவிட மிகுதியாக மீனைத் திரட்டித் தருகிறது. குஞ்சுகளுக்கு அது தொட்டில் என்பது உண்மை; அந்த அளவுக்கு உற்பத்தியும் உண்டு. ஆனால் ஒரு நாள் காலையில் கோட்டின் ஓரம் பிடிபடும் பெரிய மீன்கள், பரந்த கடலில் இருந்தவை ஓரிடத்துக்கு வந்தவை. ஆகவே கோட்டில் நல்ல பிடி கிடைப்பதை வைத்துக் கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. மொத்த மீன் பாதியாகக் குறைந்தாலும், எஞ்சியவை அதே கோட்டுக்கு வருவதால் ஒரு படகின் பிடி வெகுநாள் குறையாமலே காட்டும். குறைந்தது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். மீன்வள அறிவியலில் இது நன்கு அறியப்பட்ட ஆபத்து. மாஹி மாஹி வேகமாக வளர்ந்து, அடிக்கடி முட்டையிடும் மீன் என்பதால் இதைத் தாங்கும் என்று சொல்வார்கள். தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதி என்பது சரி. ஆனால் நான்கே ஆண்டு வாழும் மீனுக்குச் சேமிப்பு கிடையாது. இரண்டு ஆண்டு தொடர்ந்து குஞ்சு பொய்த்தால் ஈடுகட்ட முதிய தலைமுறை இருக்காது.

இந்த நியாயத்தில்தான் அங்கே விதிகள் இறுகியிருக்கின்றன. தென்கிழக்கு அமெரிக்காவின் மத்திய அரசுக் கடற்பரப்பில் ஆளுக்கு 10 மாஹி மாஹி என்ற வரம்பு இருக்க, படகுக்கு 60 என்றிருந்தது 2022-ல் 54 ஆனது. அதே ஆண்டில் பிளாரிடா தன் அட்லாண்டிக் கரைக்கடலில் ஆளுக்கு 5, படகுக்கு 30 என்று இன்னும் கீழே இறக்கியது. வால்கவை வரை அளந்தால் 20 அங்குலத்துக்குக் குறைந்த மீனை அந்த அட்லாண்டிக் கரைக்கடலில் திருப்பி விட்டுவிட வேண்டும். பாசிக்கும் காவல் உண்டு: 2003-ல் நடைமுறைக்கு வந்த திட்டம் சர்காசம் அறுவடையை ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்று, கிட்டத்தட்ட இல்லையென்றே ஆக்கிவிட்டது. இந்த இரண்டு விதிகளில் பாசியைக் காப்பது எளிது, அதை எதிர்ப்பவரும் குறைவு. பிடிவரம்புக்குத்தான் முணுமுணுப்பு அதிகம். கோடு நிறைய மீன் நிற்கும்போது எதற்கு எண்ணிப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கோட்டின் வயதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்விக்கு விடையும் தெரிந்திருக்க வேண்டும். பல கி.மீ. அகலக் கடலின் மீன் பத்து மீட்டர் அகலத்தில் வந்து நிற்பதால்தான் அங்கே அது நிறைந்து தெரிகிறது. கோட்டில் ஒருவர் எடுக்கும் ஒவ்வொரு மீனும் அந்த அகலத்தின் கணக்கிலிருந்து கழிகிறது. எனவே வரம்பை நிர்ணயிக்க வேண்டியது கோட்டில் கண்ட மீனைக் கொண்டு அல்ல, கோட்டுக்கு மீனை அனுப்பிய கடலைக் கொண்டு.